அட்மிரல் என்ன வேலை பார்க்கிறார்?

பிரிட்டனின் நெல்சன், கொரியாவின் யீ சுன்-சின், பிரிட்டனின் ஜெல்லிகோ என்று பெரிய அட்மிரல்களைப் பற்றிய பதிவுகளுக்கும் காணொளிகளுக்கும் பஞ்சமே இல்லை. ஆனால் பெரும்பாலானவற்றில் அட்மிரல் என்றால் கப்பல் தளத்தில் நெஞ்சை நிமிர்த்தி நின்று "சுடு!" என்று கத்துகிற ஆள். நெல்சன் என்றால் ஒற்றைக் கண், ஒற்றைக் கை, வீர மரணம் என்று கதை முடிந்துவிடும். அந்த வீரம் பொய்யில்லை. ஆனால் அதே கப்பலில் பீரங்கிக்கு வெடிமருந்து சுமந்து ஓடிய சிறுவனுக்கும் அதே வீரம் இருந்தது. அவன் அட்மிரல் இல்லையே. அப்படியானால் அட்மிரலை அட்மிரலாக்குவது எது?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் கடற்போர் வரலாறு படித்தால், யார் ஏன் பெரியவர், யார் ஏன் தோற்றார் என்பதே பிடிபடாது. அதனால் அடிப்படையிலிருந்து தொடங்கலாம்.

## கேப்டன் வேறு, அட்மிரல் வேறு

ஒரு பெரிய கல்யாண வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு ஒரு மாஸ்டர், பந்திக்கு ஒருவர், மேடைக்கு ஒருவர், வண்டிகளுக்கு ஒருவர். இவர்களுக்கெல்லாம் மேலே, முன்னால் நின்று நடத்தும் பெரியப்பா ஒருவர் இருப்பார். அவர் கரண்டி பிடிப்பதில்லை, இலை போடுவதில்லை. ஒரே நேரத்தில் சமையற்கட்டிலும் வாசலிலும் நிற்கவும் அவரால் முடியாது. ஆனால் எத்தனை பேருக்குச் சமைப்பது, முதல் பந்தியை எப்போது தொடங்குவது, மாப்பிள்ளை வீட்டார் வரத் தாமதமானால் என்ன செய்வது என்பதெல்லாம் அவர் முன்கூட்டியே சொல்லி வைத்தபடிதான் நடக்கும். அவர் கண்ணில் படாத இடத்திலும் வேலை சரியாக நடந்தால்தான் அது அவர் நடத்திய கல்யாணம்.

கேப்டன் ஒரு கப்பலுக்குப் பொறுப்பு. அதை ஓட்டுவது, பீரங்கிகளை இயக்குவது, அதிலுள்ள ஆட்களின் ஒழுக்கம், உணவு எல்லாம் அவர் தலையில். பல போர்க்கப்பல்கள் சேர்ந்தது கப்பலணி. அந்தக் கப்பலணிக்குப் பொறுப்பானவர் அட்மிரல். அவர் ஏறியிருக்கும் கப்பலின் கொடிமரத்தில் அவருடைய கொடி பறக்கும். அதனால் அது கொடிக்கப்பல். அந்தக் கொடிக்கப்பலுக்கும் தனியாக ஒரு கேப்டன் உண்டு என்பதுதான் பலரும் தவறவிடும் விஷயம். 1805இல் பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களுக்கு எதிரான டிரஃபால்கர் கடற்போரில் 'விக்டரி' கப்பலில் நெல்சன் இருந்தார். ஆனால் விக்டரியை நடத்தியவர் கேப்டன் தாமஸ் ஹார்டி.

பாய்மரக் காலத்தில் கப்பலணி மூன்று பகுதிகளாகப் போகும். நடுப்பகுதியில் அட்மிரல், முன்பகுதியில் அவருக்கு அடுத்தவரான வைஸ் அட்மிரல், பின்பகுதியில் மூன்றாமவரான ரியர் அட்மிரல். இந்த மூன்று பெயர்களும் பின்னால் வெறும் பதவிப் படிகளாகிவிட்டன. இந்தியக் கடற்படையிலும் கீழிருந்து மேலாக ரியர் அட்மிரல், வைஸ் அட்மிரல், அட்மிரல் என்பதே வரிசை.

சுருக்கமாக: கேப்டன் நடத்துவது கப்பலை. அட்மிரல் நடத்துவது கேப்டன்களை.

## வீரத்தால் கிடைத்த பதவி அல்ல

போரில் சாகசம் செய்தார், உடனே அட்மிரல் ஆனார் என்றுதான் நாம் கற்பனை செய்துகொள்கிறோம். பிரிட்டிஷ் கடற்படையில், குறைந்தபட்சம் 18ஆம் நூற்றாண்டில், அது அப்படி நடக்கவில்லை.

ஹொரேஷியோ நெல்சன் 1758இல் நார்ஃபோக் பகுதியில் ஒரு பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். 12 வயதில், 1771இல், தாய்மாமன் மாரிஸ் சக்லிங் கேப்டனாக இருந்த கப்பலில் சேர்ந்தார். 1774இல் 'சீஹார்ஸ்' என்ற கப்பலில் நம் மெட்ராஸ் கரைக்கே வந்தார். அப்போது அவருக்கு வயது 15. இந்தியக் கடலில் கடும் காய்ச்சல் கண்டு 1776இல் திருப்பி அனுப்பப்பட்டார். மாமன் அதற்குள் கடற்படை நிர்வாகத்தில் பெரிய பதவிக்கு வந்திருந்தார். அந்த ஆதரவும் சொந்தத் திறமையும் சேர்ந்து 1777இல் லெப்டினன்ட், 1779இல் 20 வயதில் முழு கேப்டன்.

அதுவரைதான் மாமன் தயவோ திறமையோ உதவும். முழு கேப்டன் ஆனவுடன் பெயர் ஒரு பட்டியலில் ஏறிவிடும். அதற்குப் பிறகு எல்லாமே பணிமூப்பு, அதாவது யார் முதலில் பட்டியலில் ஏறினாரோ அவர்தான் முதலில் மேலே போவார். மேலே இருப்பவர் இறந்தால் கீழே இருப்பவர்கள் ஒரு படி நகர்வார்கள். முந்த முடியாது. நெல்சன் காத்திருந்தது ஏறக்குறைய 18 ஆண்டுகள். 1797 பிப்ரவரி 14 அன்று செயின்ட் வின்சென்ட் முனைப் போரில் அவர் அபாரமாகச் சண்டையிட்டார். பிப்ரவரி 20 அன்று ரியர் அட்மிரல் ஆனார். போரில் காட்டிய வீரத்துக்கான பரிசு என்றுதானே தோன்றுகிறது? போர்ச் செய்தி லண்டன் போய்ச் சேர்ந்ததே மார்ச் மாதம்தான். பட்டியலில் அவர் முறை வந்தது, அவ்வளவே.

இந்த முறையில் ஓர் அபத்தமும் இருந்தது. திறமையற்ற கேப்டன்களும் உயிரோடு இருந்தால் போதும், மேலே வந்துவிடுவார்கள். அதற்குக் கடற்படை கண்டுபிடித்த வழி, அவர்களுக்கு அட்மிரல் பட்டம் கொடுத்து, எந்தக் கப்பலணியும் கொடுக்காமல் வீட்டிலேயே வைப்பது. பேச்சு வழக்கில் அவர்களை 'மஞ்சள் அட்மிரல்' என்றார்கள். ஆக, அட்மிரல் என்ற பட்டம் ஒன்று, கப்பலணியின் பொறுப்பு இன்னொன்று. இரண்டும் சேர்ந்தே வரும் என்று நினைக்கக் கூடாது.

பணிமூப்பின் உச்சக்கட்ட உதாரணம் புரோவோ வாலிஸ். 1813இல் கேப்டன் காயமடைந்து கிடந்ததால் 'ஷானன்' கப்பலை இவர் ஆறு நாள் நடத்தினார். நெப்போலியன் காலப் போரில் கப்பலை நடத்தியவர்களுக்குக் கட்டாய ஓய்வு கிடையாது என்று பின்னால் ஒரு விதி வந்தது. அந்த ஆறு நாளின் பலனாக அவர் 1892இல் நூறு வயதில் இறக்கும்வரை பணியில் உள்ளவர் பட்டியலிலேயே இருந்தார், அதுவும் கடற்படையின் மிக உயர்ந்த பதவியில்.

## சண்டைக்கு முன்பே நடக்கிற வேலை

கப்பலணி கையில் வந்த பிறகு? போர் என்பது அட்மிரலின் வாழ்க்கையில் சில மணி நேரம். மீதி வருடங்கள் உணவு, தண்ணீர், கயிறு, நோய், கடிதம்.

1803 ஜூலை இறுதியில் விக்டரியில் ஏறிய நெல்சன், ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கரையில் கால் வைக்கவில்லை. பிரெஞ்சுத் துறைமுகமான டூலோனுக்கு வெளியே காவல் இருந்தார். அந்தக் காலக் கடிதங்களில் எலுமிச்சை, வெங்காயம், ஆட்டிறைச்சி பற்றியெல்லாம் எழுதுகிறார். காரணம் ஸ்கர்வி, அதாவது காய்கறி, பழம் இல்லாமல் ஈறு வீங்கி உடல் குலைகிற நோய். எதிரியின் குண்டைவிட அது அதிகம் பேரைக் கொன்ற காலம் அது. தன் ஆட்களை ஆரோக்கியமாக வைத்துக்கொண்டதை நெல்சனின் பெரிய சாதனைகளில் ஒன்றாக நான் வைப்பேன். அதைப் பற்றி யாரும் ஓவியம் வரைவதில்லை என்பதற்காக அது சின்ன விஷயமாகிவிடாது.

கொரியாவின் யீ சுன்-சின்னும் இதே ரகம். 1545இல் பிறந்த அவர் தரைப்படை அதிகாரியாகவே தொடங்கினார். 1591இல்தான் ஒரு கப்பலணியின் தலைமைப் பொறுப்பு வந்தது. அடுத்த ஆண்டு ஜப்பான் படையெடுத்தது. அந்த ஒரு வருடத்தில் கப்பல் கட்டி, பீரங்கி ஏற்றி, ஆட்களைப் பழக்கி வைத்திருந்ததால்தான் 1592இல் வரிசையாக வென்றார். ஹன்சான் தீவில் தளம் அமைத்த பிறகு உப்பு காய்ச்சி, நிலம் உழுது, படையின் செலவைத் தானே பார்த்துக்கொண்டார். 1597இல், பொறி என்று அவர் நினைத்த ஒரு தாக்குதலுக்குப் போக மறுத்ததால், பதவி பறித்துச் சிறையில் அடித்துத் துன்புறுத்தினார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் ஏறக்குறைய முழுக் கப்பலணியையும் ஒரே போரில் இழந்தார். மீண்டும் யீயை அழைத்தபோது மிஞ்சியிருந்தவை 12 கப்பல்கள். இன்னொன்று பின்னால் சேர்ந்தது. அந்த 13ஐ வைத்துக்கொண்டு, மியோங்னியாங் என்ற குறுகிய நீரிணையில், நீரோட்டம் திசை மாறும் நேரத்தையும் கணக்கில் வைத்து, 130க்கும் மேற்பட்ட ஜப்பானியக் கப்பல்களைத் தடுத்து நிறுத்தினார். அன்று காலை மற்றக் கப்பல்கள் தயங்கிப் பின்தங்க, அவருடைய கொடிக்கப்பல் மட்டும் சிறிது நேரம் தனியாக நின்று சண்டையிட்டது. அட்மிரல் நேரடியாகச் சண்டையில் இறங்க வேண்டிய தருணமும் உண்டு. ஆனால் அது மற்ற வழிகள் அடைபட்ட தருணம்.

## கண்ணில் படாத கப்பலுக்கு உத்தரவு எப்படிப் போகும்?

இதுதான் இந்த விஷயத்தின் மையம். வானொலி வருவதற்கு முன், கடலில் செய்தி சொல்ல முக்கிய வழி சிக்னல் கொடிகள். எண்ணிட்ட வண்ணக் கொடிகளைக் கயிற்றில் ஏற்றுவார்கள். மற்றக் கப்பல்களில் தொலைநோக்கியோடு நிற்பவர்கள் சங்கேதப் புத்தகத்தைப் பார்த்துப் பொருள் கொள்வார்கள். போர் தொடங்கி அரை மணி நேரத்தில் பீரங்கிப் புகை எல்லாவற்றையும் மூடிவிடும். அதற்குப் பிறகு அட்மிரல் என்ன கொடி ஏற்றினாலும் யாருக்கும் தெரியாது.

ஆக அவருக்கு இரண்டே வழி. ஒன்று, எல்லாரும் வரிசை குலையாமல் என் பின்னால் வாருங்கள் என்று கட்டிப்போடுவது. பாதுகாப்பானது, ஆனால் வெற்றி அரிது. இன்னொன்று, போருக்கு முன்பே தன் எண்ணத்தைக் கேப்டன்களின் மண்டையில் ஏற்றிவிட்டு, சண்டையில் அவர்களை அவர்கள் போக்கில் விடுவது.

1798இல் பிரெஞ்சுக் கப்பலணியைத் தேடி மத்தியதரைக் கடலில் வாரக்கணக்கில் அலைந்தபோது, நெல்சன் தன் கேப்டன்களை அடிக்கடி தன் கப்பலுக்கு அழைத்துப் பேசினார். இப்படி நின்றால் என்ன செய்வோம், அப்படி நின்றால் என்ன செய்வோம் என்று. ஆகஸ்ட் 1 மாலை, எகிப்தின் அபூகிர் விரிகுடாவில் பிரெஞ்சுக்காரர்கள் நங்கூரமிட்டு வரிசையாக நிற்பதைக் கண்டார்கள். கரைப்பக்கம் ஆழமில்லை, அந்தப் பக்கமாக எவனும் வர மாட்டான் என்று அவர்கள் நம்பியிருந்தார்கள். முன்னால் போன 'கோலியாத்' கப்பலின் கேப்டன் தாமஸ் ஃபோலி வேறு மாதிரி யோசித்தார். நங்கூரமிட்ட கப்பல் காற்றுக்கேற்பச் சுழல இடம் விட்டுத்தானே நிற்கும். அது சுழலும் அளவுக்கு ஆழம் இருந்தால் நானும் போகலாமே. கரைக்கும் எதிரி வரிசைக்கும் நடுவே நுழைந்தார். அப்படிப் போகச் சொல்லி நெல்சன் சிக்னல் எதுவும் கொடுக்கவில்லை. பின்னால் வந்தவர்களில் சிலர் ஃபோலி வழியில் போக, மற்றவர்கள் வெளிப்பக்கம் நின்றார்கள். இரண்டு பக்கமும் அடி. 13 பெரிய பிரெஞ்சுக் கப்பல்களில் 11 பிடிபட்டன அல்லது அழிந்தன.

1805 அக்டோபரில் டிரஃபால்கருக்கு முன் அவர் எழுதிக்கொடுத்த குறிப்பில் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டார்: சிக்னல் தெரியாவிட்டாலோ புரியாவிட்டாலோ, தன் கப்பலை எதிரிக் கப்பலுக்கு அருகே கொண்டு நிறுத்துகிற எந்தக் கேப்டனும் பெரிய தவறு செய்தவராக மாட்டார். அக்டோபர் 21 அன்று சண்டை சூடுபிடித்த ஒரு மணி நேரத்துக்குள் நெல்சனைக் குண்டு துளைத்தது. மாலை நாலரை மணிக்கு இறந்தார். ஆனால் கப்பலணி தடுமாறவில்லை. 27 பிரிட்டிஷ் கப்பல்களில் ஒன்றும் போகவில்லை. எதிர்த்தரப்பின் 33இல் 18 போயின. தலைவர் விழுந்த பிறகும் வேலை நடந்தது. அவருடைய திறமைக்கு ஒற்றைக் கண்ணும் ஒற்றைக் கையும் சாட்சியில்லை, இதுதான் சாட்சி.

இதுவரை பார்த்தது: அட்மிரலின் உத்தரவு போய்ச் சேரும் என்று உறுதியில்லை. அதனால் நல்ல அட்மிரல் உத்தரவைவிட, முன்கூட்டியே உண்டாக்கிய புரிதலை நம்புகிறார்.

## புரிதல் இல்லாமல் கீழ்ப்படிதல் மட்டும் இருந்தால்

1893 ஜூன் 22. இன்றைய லெபனானின் திரிப்போலி கரைக்கு அருகே பிரிட்டிஷ் மத்தியதரைக் கடல் கப்பலணி அமைதிக்காலப் பயிற்சியில் இருந்தது. தலைவர் வைஸ் அட்மிரல் ஜார்ஜ் ட்ரையன், கூர்மையான மூளைக்காரர் என்று பெயரெடுத்தவர். கப்பல்கள் இரண்டு வரிசைகளாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றின் தலையில் ட்ரையனின் 'விக்டோரியா'. இன்னொன்றின் தலையில் ரியர் அட்மிரல் மார்க்கம் இருந்த 'கேம்பர்டவுன்'.

இரண்டு வரிசைகளும் ஒன்றையொன்று நோக்கி உள்பக்கமாகத் திரும்பி, வந்த வழியே போக வேண்டும் என்றார் ட்ரையன். வரிசைகளுக்கு இடையே 6 கேபிள் தூரம். கேபிள் என்பது கடலில் தூரம் அளக்கும் அலகு, ஏறக்குறைய 185 மீட்டர். அந்தக் கப்பல்கள் ஒவ்வொன்றும் அரைவட்டமடிக்க 4 கேபிள் அகலம் வேண்டும். இரண்டுக்கும் 8. இருப்பதோ 6. பள்ளிக்கூடக் கணக்கு. ட்ரையனின் அதிகாரி ஒருவரே 8 கேபிள் வேண்டும் என்று சொன்னார். சரி என்றார் ட்ரையன். அப்புறம் 6 என்றே சிக்னல் போனது.

எதிரே மார்க்கமுக்குச் சந்தேகம். புரியவில்லை என்பதற்கு அடையாளமாகக் கொடியைப் பாதி உயரத்திலேயே வைத்திருந்தார். "எதற்காகக் காத்திருக்கிறீர்கள்?" என்று எல்லாருக்கும் தெரியும்படி ட்ரையனிடமிருந்து சிக்னல் வந்தது. ட்ரையன் ஏதோ வேறு திட்டம் வைத்திருப்பார் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு மார்க்கம் கீழ்ப்படிந்தார். இரண்டு கப்பல்களும் திரும்பின. கேம்பர்டவுனின் முனை விக்டோரியாவின் பக்கத்தில் பாய்ந்தது. சுமார் கால் மணி நேரத்தில் விக்டோரியா கவிழ்ந்து மூழ்கியது. ட்ரையன் உட்பட 358 பேர் இறந்தார்கள்.

வேதனை என்னவென்றால், சிக்னலையே நம்பியிருக்காமல் கேப்டன்கள் சொந்தமாக யோசிக்க வேண்டும் என்று வாதாடி வந்தவர் இதே ட்ரையன்தான். அதற்கான பயிற்சியைக் கொடுத்தார். ஆனால் அவரிடம் "இது தப்பு" என்று சொல்லும் துணிவை அவரைச் சுற்றியிருந்தவர்களுக்கு அவருடைய ஆளுமை விட்டுவைக்கவில்லை. கேப்டன்களை நடத்துவது என்று மேலே சொன்னதில் இதுவும் அடக்கம்.

அன்று விக்டோரியாவில் காய்ச்சலோடு படுத்திருந்து, தண்ணீரில் விழுந்து பிழைத்த அதிகாரி ஒருவரின் பெயர் ஜான் ஜெல்லிகோ.

## இருபது விநாடி

23 ஆண்டுகள் கழித்து, முதல் உலகப் போரில், 1916 மே 31 மாலை, அதே ஜெல்லிகோ வட கடலில் 24 பெரிய போர்க்கப்பல்களின் தலைவர். அவை நாலு நாலாக ஆறு வரிசைகளில் போய்க்கொண்டிருந்தன. அப்படிப் பயணம் செய்யலாம், சண்டை போட முடியாது. சண்டைக்கு எல்லாம் ஒரே நீள வரிசையாக விரிய வேண்டும். அதற்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். தவறான பக்கம் விரித்தால் பாதி விரிந்த நிலையில் எதிரி வந்து அடித்துவிடுவான்.

எந்தப் பக்கம் விரிப்பது? ஜெர்மன் கப்பலணி எங்கே என்று தெரிந்தால்தானே. இப்போது வானொலி இருந்தது. ஆனால் முன்னால் போன கப்பல்களின் செய்திகள் அரைகுறையாகவும் முரணாகவும் வந்தன. மூடுபனி, நிலக்கரிப் புகை. ஆறேகால் மணி வாக்கில் ஒருவழியாக எதிரியின் திசை தெரிந்தது. ஜெல்லிகோ திசைகாட்டிக்கு அருகே வந்து, பேசாமல் ஏறக்குறைய 20 விநாடி நின்றார் என்று பக்கத்திலிருந்த கேப்டன் டிரையர் பதிவு செய்திருக்கிறார். பிறகு இடப்பக்கம் விரிக்கச் சொன்னார்.

புகையிலிருந்து ஜெர்மன் கப்பல்கள் வெளியே வந்தபோது எதிரே குறுக்காக நீண்ட பிரிட்டிஷ் வரிசை நின்றது. பிரிட்டிஷ் கப்பல்கள் தங்கள் பக்கவாட்டுப் பீரங்கிகள் அனைத்தாலும் சுடலாம். ஜெர்மானியரால் முன்பக்கப் பீரங்கிகளால் மட்டுமே பதில் சொல்ல முடியும். ஜெர்மன் தலைவர் ஷேர் உடனே திரும்பினார்.

அன்று எண்ணிக்கையில் இழப்பு பிரிட்டனுக்குத்தான் அதிகம்: 14 கப்பல்கள், 6,000க்கும் மேற்பட்டோர். ஜெர்மனிக்கு 11 கப்பல்கள், 2,500க்கும் மேல். டார்பிடோக்களுக்கு, அதாவது நீருக்கடியில் பாய்ந்து வரும் குண்டுகளுக்கு, அஞ்சி ஜெல்லிகோ ஒரு கட்டத்தில் விலகியதைக் கோழைத்தனம் என்று இன்றும் சிலர் எழுதுகிறார்கள். அப்படி விலகுவேன் என்று 1914லேயே தலைமைக்கு எழுதி ஒப்புதல் வாங்கியிருந்தார் அவர். ஒரே பிற்பகலில் போரையே தோற்கக்கூடிய ஒரே மனிதர் ஜெல்லிகோ என்று சர்ச்சில் சொன்னது இதனால்தான். அந்தக் கப்பலணி இருந்தவரைதான் ஜெர்மனிமீதான கடல் முற்றுகை நிற்கும். அது இல்லாவிட்டால் பிரிட்டனுக்கே உணவு வராது. சூதாடாமல் இருந்ததுதான் அவருடைய துணிச்சல் என்பது என் கருத்து.

## கரையிலிருந்தே ஒரு கடற்போர்

கடைசியாக, கப்பலில் ஏறாத அட்மிரல். நாகர்கோவிலில் 1919இல் பிறந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் 1971 போரில் கிழக்குக் கடற்படைத் தளபதி, அலுவலகம் விசாகப்பட்டினத்தில். அவர் கையிலிருந்த பெரிய பலம் விமானந்தாங்கிக் கப்பலான 'விக்ராந்த்'. அதன் கொதிகலன் ஒன்றில் விரிசல், முழு வேகம் எடுக்க முடியாது. அதைத் தேடிப் பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பல் 'காஸி' நவம்பரில் கராச்சியிலிருந்து கிளம்பியிருந்தது.

கிருஷ்ணன் விக்ராந்தை அந்தமானுக்கு அனுப்பி மறைத்துவிட்டு, அது விசாகப்பட்டினத்திலேயே இருப்பதாக நாடகம் நடத்தினார். 'ராஜ்புத்' என்ற பழைய கப்பலை விக்ராந்த் போல வானொலிச் செய்திகள் அனுப்பச் சொன்னார். ஒற்றர் காதுக்குப் போகட்டும் என்று ஒரு பெரிய கப்பலுக்குத் தேவையான அளவுக்கு உணவுப்பொருட்களுக்கு ஆர்டர் கொடுத்தார். விக்ராந்தில் இருக்கும் ஒரு மாலுமியின் தாயார் உடல்நிலை குறித்த தந்தியைச் சங்கேதம் இல்லாமலே அனுப்ப வைத்தார். மெட்ராஸிலிருந்த கடற்படை அதிகாரியைச் சாதாரணத் தொலைபேசியில் கூப்பிட்டு, விக்ராந்த் அங்கே வருகிறது, துறைமுகத்தில் இடம் வேண்டும் என்றார். இப்படியா போனில் பேசுவது என்று அந்த அதிகாரி திகைத்துப்போனார்.

டிசம்பர் 3-4 நள்ளிரவு, விசாகப்பட்டினம் துறைமுக வாசலுக்கு வெளியே காஸி 90க்கும் மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கியது. ராஜ்புத் போட்ட ஆழ்கடல் குண்டுகளால் என்கிறது இந்தியத் தரப்பு; உள்ளுக்குள் நடந்த வெடிப்பு என்கிறது பாகிஸ்தான் தரப்பு. எப்படி மூழ்கியது என்பதில் சர்ச்சை இருக்கலாம். ஆனால் அது வந்து காத்திருந்த இடத்தில் விக்ராந்த் இல்லை, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. அன்று காலையே விக்ராந்தின் சீ ஹாக் விமானங்கள் அப்போதைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரையும், அடுத்துச் சிட்டகாங்கையும் தாக்கத் தொடங்கின. கப்பலை நடத்தியவர் கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷ். தன் கப்பலைத் தேடி வந்த நீர்மூழ்கி எங்கே என்ற கவலை இல்லாமல் அவர் விமானங்களை அனுப்ப முடிந்தது, கிருஷ்ணன் விசாகப்பட்டினத்தில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து செய்த வேலையால்.